எட்டாவது பாவாடை

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் கோமளவல்லி, ஒவ்வோர் ஆடியிலும் செம்பனைக் காட்டுக்குள் நிற்கும் ஏழு கன்னிமார் கற்களுக்கு ஏழு சிவப்புப் பாவாடை தைத்துக் கொடுப்பாள். எல்லாக் கல்லும் ஒரு சாண் உயரம். அதனால் அளவு கேட்டதே இல்லை.

இந்த ஆண்டு பூசாரி மாயழகு ஒரு நூலோடு கடைக்கு வந்தார்.

"எட்டு தைக்கணும்மா. இது எட்டாவதோட இடுப்பு அளவு."

"கன்னிமாரு ஏழு பேருதானே அண்ணே?"

"போன வாரம் வரைக்கும் ஏழுதான். மழை விட்டதும் போய்ப் பார்த்தேன், எட்டு கல்லு நிக்குது. புதுசு பெருசா இருக்குலா."

அவர் கள் குடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நூலைக் குப்பையில் போட்டாள். மறுநாள் லாரி வந்து குப்பையை அள்ளிப் போனது. ஏழு மட்டும் தைத்துக் கொடுத்தனுப்பினாள்.

பூசை நடந்த அன்று மதியம், மகள் யாழினி பள்ளியிலிருந்து வந்து, சீருடையோடு தையல் மிஷின் பக்கத்தில் நின்றாள். பாதங்களில் மஞ்சள் பூசியிருந்தது. அந்த நூல் அவள் இடுப்பைச் சுற்றியிருந்தது. இரண்டு முனையும் மிச்சமில்லாமல் சரியாகத் தொட்டன.

"அவங்க ஏழு பேரும் கட்டிக்கிட்டாங்கம்மா," என்றாள். "என்னோடத எப்போ தைப்பீங்க?"