பின் அடித்த பாடம்

முப்பத்தெட்டுப் புத்தகங்கள். முப்பத்தெட்டிலும் ஒன்பதாம் பாடத்தை மட்டும் ஓரத்தில் மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிக்கொண்டிருந்தார் உயிரியல் டீச்சர்.

"என்ன டீச்சர் இது?"

"இனப்பெருக்கம்."

"அது தெரியுது. பின் எதுக்கு?"

"கோந்து போட்டா பக்கம் கிழிஞ்சிடும்மா" என்றபடி அடுத்த புத்தகத்தை இழுத்தார் டீச்சர். டக். டக். டக்.

கேள்வி கேட்ட ஆய்வு மாணவிக்கு ரத்தம் கொதித்தது. சும்மாவே அவளுக்குச் சீக்கிரம் கொதிக்கும். பல்கலைக்கழக விடுதியில் அவளுக்கு 'குக்கர்' என்றே பெயர்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றியும் இனப்பெருக்க நலத்தைப் பற்றியும் என்ன தெரியும் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. முப்பது கேள்வி, பெயர் எழுதாத தாள், பூட்டிய பெட்டி. இது பதினோராவது பள்ளி.

முந்தைய பத்திலும் சேர்த்துச் சராசரி, முப்பதுக்கு எட்டு. 'குழந்தை எங்கே வளர்கிறது?' என்ற கேள்விக்கு ஒருவன், 'ஆஸ்பத்திரியில், இரண்டாவது மாடி' என்று எழுதியிருந்தான். 'சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பாய்?' என்பதற்கு ஒருத்தி எழுதிய பதில்: 'கேட்டால் அடி விழும். அதனால் சந்தேகம் வருவதில்லை.'

"டீச்சர், நான் பார்த்த பொண்ணுங்கள்ல பத்துக்கு ஆறு பேர், முதல் தடவை மாதவிடாய் வந்தப்போ ஏதோ தீராத வியாதின்னு பயந்திருக்காங்க. ஆறு பேர்!"

"அடப் பாவமே." டக்.

"யாராவது பாடத்தை நடத்தியிருந்தா பயந்திருப்பாங்களா?"

"நடத்தத்தான் பார்த்தேன். பெத்தவங்கல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க. இந்தப் பாடத்தைத் தொட்டா பிள்ளைங்களை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவோம்னு ஒரே கூச்சல். தலைமையாசிரியர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார். நான்தான் இந்த வழியைச் சொன்னேன். இப்போ எல்லாருக்கும் நிம்மதி."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா டீச்சர்?"

"பூனை ஆறாம் பாடம்மா. அதுக்குப் பின் கிடையாது."

வகுப்பில் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தபோது டீச்சர் ஒற்றை விரலை ஆட்டினார்.

"ஒன்பதாம் பாடத்தை ஒருத்தரும் பிரிக்கக் கூடாது. அதுவும் நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்... மூச்! வழக்கம்போல திங்கக்கிழமை எல்லாப் புத்தகமும் என் மேஜைக்கு வரணும். ஒவ்வொரு பின்னா பார்ப்பேன்."

"சரி டீச்சர்" என்றது வகுப்பு, பால் குடிக்கத் தெரியாத பூனை முகத்தோடு.

அதன்பிறகு கேள்வித்தாளைக் கொடுத்தாள் குக்கர். மனசுக்குள் அத்தனை பேருக்கும் முட்டை போட்டாயிற்று. ஒருவன் கூடுதல் தாள் கேட்டான். கப்பல் செய்யவாக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்தாள்.

விடுதிக்கு வந்ததும் முதல் வேலையாகக் கல்வி அதிகாரிக்குப் புகார்க் கடிதம். இரண்டு பக்கம், நான்கு புள்ளிவிவரம், ஏழு ஆச்சரியக்குறி. தலைமையாசிரியர் வழியாக அது மேலே போனால், டீச்சர் வேலை அம்போ. போகட்டுமே! பிள்ளைகளின் பயத்தைவிட ஒருத்தர் வேலை பெரிதா?

கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து மதிப்பெண் போட்டாள்.

சராசரி இருபத்தாறு.

மறுபடி கூட்டினாள். இருபத்தாறேதான். கூடுதல் தாள் கேட்டவன் கருத்தடை முறைகளைப் படம் வரைந்து, பாகம் குறித்திருந்தான்.

வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

"இதிலென்ன குழப்பம்? விடையை முன்னாடியே சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அந்தப் பள்ளிக்கூடத்தைக் கணக்கிலேருந்து தூக்கிடும்மா" என்றார் அவர்.

பாடத்தையும் மூடிவிட்டு, விடையையும் திருட்டுத்தனமாகச் சொல்லிக் கொடுத்தார்களா! கடிதம் மூன்று பக்கமாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை, கடிதமும் கையுமாகத் தலைமையாசிரியர் அறையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். வழியில் வகுப்பு வாசலில் டீச்சர் குரல் நாலு அறைக்குக் கேட்டது.

"இந்தப் பின்னைப் பாரு! நல்லாப் பாரு! என்னடி இது?"

எதிரே, போன வாரம்தான் புதிதாகச் சேர்ந்த மாணவி, கண்ணில் நீர் முட்ட நின்றிருந்தாள்.

"நிறுத்துங்க டீச்சர்!" குக்கர் விசிலடித்துவிட்டது. "தன் உடம்பைப் பத்தித் தானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா, அதுக்கு ஒரு பொண்ணை வாசல்ல நிக்க வெச்சுத் திட்டுவீங்களா? இதோ, மூணு பக்கம் எழுதியிருக்கேன். இப்பவே தலைமையாசிரியர்கிட்ட கொடுக்கறேன். நீங்க இனிமே..."

தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தைக் குக்கர் கையில் வைத்தார் டீச்சர்.

மூன்று பின்னும் அடித்த இடத்தில் அப்படியே, பளபளவென்று இருந்தன.

ஜன்னல் திட்டில் மற்ற முப்பத்தேழு புத்தகங்களும் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒன்பதாம் பாடத்தின் ஓரம், பின்னைப் பிடுங்கிப் பிடுங்கிச் சல்லடையாகியிருந்தது. மேலே இருந்த ஒன்றைக் குக்கர் கையில் எடுத்தாள். அது தானாகவே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரிந்துகொண்டது.

கடிதம் சத்தமில்லாமல் பைக்குள் போயிற்று.

"பிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்..." என்று விசும்பினாள் புது மாணவி.

டீச்சர் குனிந்து, குரலைத் தாழ்த்திப் பல்லைக் கடித்தார்.

"முப்பத்தேழு பேர்கிட்டயும் அதையேதான்டி சொன்னேன்! உனக்கு மட்டும் அப்படி என்ன, சொன்ன பேச்சைக் கேக்கற கெட்ட பழக்கம்? அடுத்த திங்கக்கிழமை இதுல ஒரு பின்னாவது உருப்படியா இருக்கட்டும், அப்புறம் இருக்கு உனக்கு!"