பறிமுதலான டிராகன்

ஜூன் 19, வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று இருபதுக்கு, பள்ளியின் முதல் மாடியில் இருந்த துணைத் தலைமையாசிரியை அறை உட்புறம் தாழிடப்பட்டிருந்தது. கதவில் 'விடைத்தாள் திருத்தம் நடக்கிறது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"மேடம், உள்ள ஏதோ அலறின மாதிரி இருந்துச்சு," என்றார் வெளியே நின்ற அலுவலக உதவியாளர்.

"நான்தான். பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரி பேப்பரைப் படிச்சுட்டேன்."

"அப்ப சரி மேடம்," என்று அவர் போய்விட்டார்.

அலறியது டிராகன். இரண்டு கைக்குள் அடங்கும் வீடியோ கேமின் சின்னத் திரையில் அது ஏழாவது முறையாகத் துணைத் தலைமையாசிரியையைப் பனிக்கட்டியாக உறைய வைத்திருந்தது. சத்தத்தைக் குறைக்க மறந்தது அவர் தவறு.

நான்கு மணிக்கு அந்த கேமுக்குச் சொந்தக்காரியான ஒன்பதாம் வகுப்புப் பெண் அம்மாவோடு வந்துவிடுவாள். வகுப்பில் பிடுங்கிய பொருளை வெள்ளி மாலை நான்கு மணிக்குப் பெற்றோர் முன்னிலையில் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவரும் அவரே. கொஞ்சம் அவசரப்பட்டுத்தான் எழுதிவிட்டோமோ என்று இப்போது தோன்றியது.

மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேனர். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் எந்தப் பையில் எது இருக்கிறதென்று தெரிந்துவிடுமாம். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

போன வருடம் முழுக்க இரண்டு கேம்கள்தான் சிக்கின. இந்தப் பருவத்தில் இதுவரை ஒன்பது. இந்தப் பெண் திங்களன்று முதல் பெஞ்சில் உட்கார்ந்து, சத்தமும் வைத்தே ஆடிக்கொண்டிருந்தாள். "ஒளிச்சு வைக்கக்கூடத் துப்பில்ல இதுங்களுக்கு," என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தார்.

முதல் கேமை அவர் திறந்தது ஆய்வுக்காக. பிள்ளைகள் எதில் மயங்குகிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. பத்து நிமிடம் என்று உட்கார்ந்தவர் தலைநிமிர்ந்தபோது, பள்ளியைப் பூட்ட ஆள் வந்து நின்றிருந்தது. கூட்டத்தில் முக்கால் மணி நேரம் கண்டித்துப் பேசினார். இவ்வளவு விவரமாக யாரும் பேசியதில்லை என்று பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

இருபத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரு கோப்பைத் திறந்தால் உள்ளிருந்து இன்னொரு கோப்புதான் வந்தது. இங்கே பெட்டியைத் திறந்தால் வாள் வந்தது. தூரத்தில் தெரிந்த மலைக்கு நிஜமாகவே நடந்து போய்ச் சேர முடிந்தது. மூட்டு வலியோடு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறவர், அங்கே பாறைக்குப் பாறை தாவினார். விழுந்தால் எழுப்பிவிட ஒரு பொத்தானும் இருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு டிராகன் செத்தது. பனிக் கோட்டையின் கதவு திறந்தது. அவர் கேமை அணைத்து, கைரேகைகூட இல்லாமல் துடைத்து மேசை மேல் வைத்தார். தாழ்ப்பாளை நீக்கி, கதவின் வெளியே ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார்.

ஆட்டம் எதுவரை வந்ததோ அதை கேம் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். அதை அழிக்க அவருக்குத் தெரியாது. முந்தைய எட்டுப் பெண்களும் கேமை வாங்கி அப்படியே பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் புகார் சொல்லவில்லை. கவனித்திருக்க மாட்டார்கள் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

பெண்ணின் அம்மா பஸ் ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தார்.

"சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது மிஸ். நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க."

சொன்னார். கண் கெடும், தூக்கம் கெடும், கழுத்து பிடித்துக்கொள்ளும் என்றார். மூன்றும் அவருக்கே இருந்ததால் வர்ணனை தத்ரூபமாக அமைந்தது.

அம்மா கேமை எடுத்துப் பெண்ணிடம் நீட்டினார். "இங்கயே போட்டுப் பாத்துருடி. அப்புறம் மிஸ் ஒடச்சிட்டாங்கன்னு வீட்ல வந்து ஒப்பாரி வெக்கக் கூடாது."

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாமே," என்றார் துணைத் தலைமையாசிரியை.

"இல்ல மிஸ். நான் பிரேக்கைப் பாக்காம பஸ்ஸையே எடுக்க மாட்டேன்."

பெண் பொத்தானை அழுத்தினாள். நீல வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. திங்கட்கிழமை பள்ளி முழுக்க என்ன பேசும், தலைமையாசிரியர் எந்த நாற்காலியில் தன்னை உட்கார வைத்து விசாரிப்பார் என்பது வரை துணைத் தலைமையாசிரியை யோசித்துவிட்டார்.

பெண்ணின் கண்கள் ஒரு கணம் விரிந்தன. பிறகு முகத்தை ஒன்றுமே நடக்காததுபோல் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று முன்னால் நடந்தார். துணைத் தலைமையாசிரியை நாற்காலியில் சாய்ந்தார்.

வாசல் வரை போன பெண் திரும்பி வந்தாள். நன்றி சொல்ல வந்தவள்போல் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"பனி டிராகன்கிட்ட இன்னும் நாலு பேர் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க மிஸ். திங்கக்கிழமை அதுல யாரு உங்ககிட்டப் பிடிபடணும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்."