அவளுக்கு இது போதும்

"அவளுக்கு இந்த பிளாஸ்டிக் ஷவல் போதும். எனக்கு அந்த அலுமினியத்தைக் காட்டுங்க" என்றான் டூரி.

வெரேனாவுக்குச் சுருக்கென்றது.

மகள் லடீனாவுக்குக் கல்யாணமாகி வரும் முதல் பனிக்காலம். அவளைப் பார்க்க பாஸல் நகரத்திலிருந்து ரயிலேறி மலையூரான ஸ்குவோலுக்கு வந்திருந்தார் வெரேனா. நாளைக்குப் பெண்ணும் மாப்பிள்ளை டூரியும் ஆள் நடமாட்டமில்லாத மலைக்குப் பனிச்சறுக்குப் போகிறார்கள். அங்கே பனி சரிந்து ஆளை மூடினால் உயிரைக் காக்க, பனியைத் தோண்டும் ஷவல் மாதிரி சில சாமான்கள் வேண்டும். அதை வாங்கத்தான் மூன்று பேரும் இந்தக் கடைக்கு வந்தது. லடீனா உள்ளறையில் பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரி பார்ப்லா தயங்கினாள்.

"சரிஞ்ச பனி சிமெண்ட் மாதிரி இறுகிடும், டூரி. பிளாஸ்டிக் தாங்காது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா அலுமினியம் கனம். கோடையிலதான் அவளுக்குத் தோள்ல ஆபரேஷன் ஆச்சு. பையில கனம் ஏறக்கூடாது."

நல்ல சாக்குதான் என்று நினைத்துக்கொண்டார் வெரேனா.

அடுத்தது, புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்ட நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சிக்னல் பெட்டி. கடைக்கு வந்ததிலேயே புதியதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான் டூரி.

"லடீனாவுக்கு?" என்றாள் பார்ப்லா.

"என்னோட பழசு வீட்டுல இருக்கு. அதைக் கட்டிக்கட்டும்."

வெரேனாவால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

"பொண்டாட்டிக்குப் புதுசு வாங்கிக் குடுத்துட்டு, பழசைத் தான் கட்டிக்கற புருஷனைப் பார்த்திருக்கேன், மாப்பிள்ளை. உங்களை மாதிரி ஒருத்தரை இப்பத்தான் பார்க்கறேன்."

டூரியின் முகம் சிவந்துவிட்டது. "அப்படி இல்ல அத்தை..."

"வேற எப்படி? நல்லதெல்லாம் உங்களுக்கு, உடையறது என் பொண்ணுக்கா? அவ உசிரு மட்டும் மட்டமா?"

அவன் அலுமினிய ஷவலின் பிடியை இழுப்பதும் மடக்குவதுமாக நின்றான்.

பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு லடீனா வெளியே வந்தாள்.

"என்னம்மா, உள்ள வரைக்கும் கேக்குது?"

"உன் புருஷன் உனக்கு வாங்கியிருக்கற லட்சணத்தை நீயே பாரு."

லடீனா பார்த்தாள். புதுப் பெட்டியை, இரண்டு ஷவல்களை, பிறகு புருஷனை.

"அம்மா, பனியில புதைஞ்சவங்களால விரலைக்கூட அசைக்க முடியாது. அவங்க ஷவல் அவங்க முதுகுப் பையிலயே கிடக்கும். வெளிய நிக்கறவங்கதான் தேடணும். அவங்கதான் தோண்டணும்."

வெரேனா மகளையே பார்த்தார்.

"நான் புதைஞ்சா, பழைய பெட்டியும் சிக்னல் அனுப்பி நான் இருக்கற இடத்தைச் சரியாத்தான் காட்டும். அடுத்தவங்க சிக்னலைத் தேடறதுலதான் அது மந்தம்." லடீனா குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி இவரோட சிநேகிதர் ஒருத்தர் இவர் கண்ணெதிர்லயே புதைஞ்சுட்டார். தோண்டறப்ப இவர் ஷவல் உடைஞ்சுபோச்சு. மீதியைக் கையாலயே தோண்டினாராம். வெளிய எடுத்தப்ப மூச்சு இல்ல."

டூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெரேனா மறுபடி மேஜையைப் பார்த்தார். மாப்பிள்ளை தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த எதுவுமே அவனுக்கானது இல்லை.

பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் ஷவலை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து லேசாக அழுத்தினார். அது வளைந்தது.

"லடீனா, இவர் புதைஞ்சா... நீ இதை வச்சா தோண்டுவே?"



"கனமானதைத் தூக்கினா அவளுக்குத் தோள் வலிக்கும், அத்தை" என்றான் டூரி, திரும்பாமலே.

"வலிச்சா வலிக்கட்டும்."

பிளாஸ்டிக் ஷவலைத் தள்ளி வைத்துவிட்டு பார்ப்லாவிடம் சொன்னார்: "அதே அலுமினியத்துல இன்னொண்ணு எடுங்க. பெட்டியும் புதுசா இன்னொண்ணு."

"உங்க பொண்ணுக்குத்தானே?"

"இல்ல, என் மாப்பிள்ளைக்கு. பொண்ணு கையில குடுங்க."