வாய் திறந்த கட்டம்

"இங்கிலீஷ் வகுப்புன்னுதானே பேரு, சென்செய்? நீங்க வாயைத் திறந்தா நம்ம பாஷைதான் வருது. இதைக் கேக்க நான் மீன் கடைக்கே போயிருப்பேனே!"

ஆங்கில ஆசிரியர் காஷிவாபாரா சென்செய்க்குக் காது சிவந்தது. காலை நேர இணைய வகுப்பு; திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். காமிராவைத் திறக்கிற வழக்கம் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. குரல் வந்த கட்டத்தில் இசொமுரா என்று குடும்பப் பெயர் மட்டும்.

"இங்கிலீஷ்ல கேட்டா ஒருத்தரும் மூச்சு விடறதில்லையே, இசொமுரா சான். சுவரோடவா பேசச் சொல்றீங்க?"

"நான் இருக்கேன்ல? கேளுங்க."

சென்செய் ஏற்கெனவே கலங்கிப்போயிருந்தார். வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான், ஆண்டு முடிவில் பிள்ளைகளும் பேசியாக வேண்டும், இல்லையேல் வகுப்பு வேறு ஆளுக்கு என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். மனிதர் திருட்டுத்தனமாக ஜப்பானிய மொழியில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். மானம் போன வேகத்தில், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தப்பும் தவறுமாக, ஆனால் கூசாமல் ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. முள்ளங்கி ஊறுகாய் போட்டாளாம். அதை அமுக்க மேலே வைத்த கல் கனமாம், இடுப்பு விட்டுப்போச்சாம். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கிற வாய் பேசினால் என்ன என்று அதட்டினாள். அன்றே ஒரு பையன் தன் வீட்டு ஊறுகாயின் நாற்றத்தை ஆங்கிலத்தில் திட்டித் தீர்த்தான்.

வாரம் போகப் போக, கட்டங்கள் ஒவ்வொன்றாய் வாய் திறந்தன. சென்செய் பழையபடி ஜப்பானிய மொழிக்குத் தாவினால் இசொமுரா தொண்டையைச் செருமுவாள், மனிதர் அடங்கிவிடுவார்.

ஆண்டு இறுதிப் பேச்சுத் தேர்வு மட்டும் நேரில். பிள்ளைகள் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்க, தலைவர் அசந்துபோனார். அடுத்த ஆண்டும் வகுப்பு உங்களுக்கே என்றார்.

சென்செய்க்கு மார்பு நிமிர்ந்தது. "இருங்க சார். இவங்களை எல்லாம் பேச வெச்சவ இனிமேத்தான் வரா."

வந்தாள். செம்பட்டைச் சாயம் பூசிய ஒல்லிப் பெண். இந்த வருஷ ஊறுகாய் எப்படி என்று சென்செய் ஆங்கிலத்தில் கேட்டார். திருதிருவென்று விழித்தாள். பிறகு ஜப்பானிய மொழியில் முனகினாள்.

"மன்னிச்சுக்கங்க, சென்செய். காலைல என்னால எழுந்திரிக்கவே முடியாது..."

அந்தப் பாடத்தில் தேறாத அவள், படிப்பையே மூட்டை கட்டிவிட்டு, விடியுமுன் எழுந்து மாவு பிசைகிற ரொட்டிக்கடைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு ஸப்போரோ போய்விட்டாள். ஏப்ரலில் புது ஆண்டு வகுப்பு தொடங்கியபோது, இசொமுரா என்ற அதே கட்டத்தில், இந்தத் தடவை தன் பேரிலேயே சேர்ந்து, முதல்முறையாக முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள் அவள் அம்மா.