கரையேறிய பிறகு

கேட்கத்தான் போகிறான். இன்றைக்கு வண்டி போய்விடும், அதற்குள் கேட்டுவிடுவான். கேட்டால், முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

காபித் தட்டை ஏந்திக்கொண்டு ஹெல்யே முற்றத்துக்கு வந்தாள். கொட்டகைக்கு வெளியே, பனியில் நின்றிருந்தது அந்தப் பழுப்பு நிற வால்வோ. எட்டுக் குளிர்காலமாக வெளிச்சம் பார்க்காத வண்டி. அவள் கணவன் வெல்லோ, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல அதன் முன்விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பொட்டி மாதிரி இருக்குல்ல, ஊர்ல இதுக்கு வச்ச பேரு அலமாரி," என்றான், வாங்க வந்திருந்த ராய்வோவிடம். "ஸ்வீடன்லேர்ந்து கப்பல்ல வந்து எறங்கினப்போ தீவே வேடிக்கை பார்க்க வந்துச்சு தம்பி. இதுக்கு முன்னாடி இருந்த வண்டிய நான் ஓட்டினதவிடத் தள்ளினதுதான் அதிகம்."

"இதை மட்டும் என்ன, நான் டிரெய்லர்ல ஏத்தித்தானே கொண்டுபோகப் போறேன்!"

ராய்வோ பழைய வண்டிகளைத் தேடித் தேடி வாங்கிச் சீராக்குகிறவன். பெருநிலத்துக்காரன். காலையில்தான் உறைந்த கடலின்மேல் ஓட்டிக்கொண்டு தீவுக்கு வந்திருந்தான்.

"திரும்பிப் போறது பனிய உடைச்சுக்கிட்டுப் போற கப்பல்லதான், சாமி! பனிப்பாதைல எனக்கு இதான் முதல் தடவை. போலீஸ்காரர் நிறுத்தி, 'பெல்ட்டக் கழட்டு'ங்கறார்! போடலன்னு அபராதம் கட்டியிருக்கேன். போட்டதுக்குத் திட்டு வாங்கினது இன்னைக்குத்தான்."

"பனி உடைஞ்சா கதவத் தெறந்து குதிக்கணுமில்ல?" வெல்லோவின் கை துடைப்பதை நிறுத்தியது. "கரையேறினதும் திரும்ப மாட்டினியா?"

"அட, மறந்தே போச்சு! உயிரோட வந்து சேர்ந்த சந்தோஷத்துல யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

ஹெல்யே காபியை ஊற்றினாள். கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது.

"எங்க பையன் உகுவுக்கு இருக்கும்," என்றான் வெல்லோ. "ஆறு வயசு. பின்சீட்டுல அவங்கம்மா பக்கத்துல உட்கார்ந்துக்குவான். சக்கரம் மண்ணத் தொட்டதும் யாரு முதல்ல 'பெல்ட்!'னு கத்தறதுன்னு எனக்கும் அவனுக்கும் போட்டி. ஒரு தடவைகூட நான் ஜெயிச்சதில்ல."

"இப்போ வளர்ந்திருப்பானே! எப்படி விட்டுக்கொடுத்தான் இந்த வண்டிய?"

வெல்லோ துணியை மடித்தான். மறுபடி பிரித்து மடித்தான்.

"கரையேறி ரெண்டு கிலோமீட்டர்கூட வரல. காட்டுலேர்ந்து பெரிய மான் ஒண்ணு குறுக்கப் பாய்ஞ்சுது. பிரேக் போட்டேன். எனக்கு நெத்தியில நாலு தையல். இவளுக்கு மணிக்கட்டு. வண்டிக்கு, இதோ பாரு, இந்தச் சின்ன நெளிவு." அதற்குமேல் அவன் கணக்குச் சொல்லவில்லை. "அன்னைக்கு நான் கரைக் காவலர்கிட்ட பேசிட்டு, அதே பேச்சு நெனப்புலயே வந்துட்டேன். பின்னாடி திரும்பிக்கூடப் பார்க்கல."

ராய்வோ காபியைக் குடிக்காமலே வைத்தான். "டிரெய்லரக் கிட்ட கொண்டுவரேன்," என்று முணுமுணுத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

எட்டு வருடம். ஒரே வீட்டில் ரொட்டி சுட்டார்கள், விறகு அடுக்கினார்கள். கிறிஸ்துமஸ் மாலைகளில் மகனின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள், ஆளுக்கொரு தீக்குச்சியால். அவளுடைய மௌனத்தைப் பார்த்துக் கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். வெல்லோ மட்டும் அப்படிச் சொன்னதில்லை. தனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கிறது என்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வான். ஐம்பது வயதுக்குள் முதுகு வளைந்துவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் அந்த முதுகு நிமிரும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வரும். தினமும் அதை விழுங்கிக்கொண்டு அடுப்பை மூட்டப் போவாள்.

"ஹெல்யே."

அவன் தொப்பியைக் கழற்றியிருந்தான். காதுகள் குளிரில் சிவந்திருந்தன.

"இந்த வண்டியில எத்தனை தடவை சிரிச்சிருக்கோம், ஞாபகம் இருக்கா? பனி நடுவுல நிறுத்தி, எறங்கி நீ வழுக்கி விழுந்து, உன்னத் தூக்க வந்து நானும் விழுந்து..." குரல் உடைந்தது. "நான் கத்தியிருக்கணும். ஒரே ஒரு வார்த்தை. கத்தல."

அவள் தட்டில் வழிந்திருந்த காபியைப் பனியில் கொட்டினாள்.

"உன்ன நான் ஒண்ணுமே கேட்டதில்ல. இத மட்டும் கேக்கறேன். இது வாசலத் தாண்டறதுக்குள்ள, மன்னிச்சுட்டேன்னு ஒரு தடவை சொல்லிடு. மனசுல இல்லன்னாலும் பரவாயில்ல. வாயால சொல்லு."

எட்டு வருடத்தில் முதல்முறையாக அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். மெதுவாகத் தலையசைத்து மறுத்தாள்.

"முடியாது, வெல்லோ. அன்னைக்கு நீ கத்தாமலே உகு பெல்ட்ட எடுத்தான். மடியில இருக்கற கேக் நசுங்கிடும், போடாதேன்னு சொன்னது நான்."