கடற்பாசி மெத்தை

காலை வெயில் படகுக் கொட்டகையின் பலகையிடுக்குகளில் நூல் நூலாக இறங்குகிறது. வெளியே, மெத்தென்ற தூவிக்காகத் தீவார் கூடமைத்துக் காக்கும் கடல்வாத்துகள் அடைகாக்கின்றன. அவை குஞ்சு பொரித்துக் கடலில் இறங்கும்வரை இந்தத் தீவில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. ரக்னா மண்டியிட்டு, தான் செய்த பெட்டிப்பொறியின் துளையில் கண்ணை வைத்திருக்கிறாள். முட்டை திருட வந்த மிங்க் கீரி உள்ளே அகப்பட்டிருக்கிறது. போன வருஷம் அகப்பட்டது, கம்பிவலையைக் கடித்துக் கடித்துப் பல்லுடைந்து, வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தது. அதனால் இம்முறை வழுவழுவென்று இழைத்த பலகை. அடியில், வாத்துக்கூடுகளுக்கென்று அவள் காயவைத்த கடற்பாசி. அதன்மேல் கீரி வாலைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அது மூச்சு விடும்போதெல்லாம் பாசி மெல்லச் சரசரக்கிறது. வெளியே கூட்டில் வாத்து புரளும்போதும் இதே சரசரப்புதான். தோளில் துப்பாக்கியோடு அவள் புருஷன் ஐலிஃப் குனிந்து பார்க்கிறான். "பொறி செய்யச் சொன்னா வீடு கட்டி வெச்சிருக்கியே," என்று அவள் காதோரம் கிசுகிசுக்கிறான். அவள் சிரிக்கவில்லை. "வாத்துக்குச் சத்தம் கேக்காம, தீவுக்கோடிப் பாறைக்குக் கொண்டுபோய் முடிச்சிடவா?" என்று கேட்கிறான். அவள் சரியென்று தலையாட்டுகிறாள். அவன் பெட்டியைத் தூக்குகையில் கைப்பிடி கிரீச்சிடுகிறது. "மெதுவா," என்கிறாள் ரக்னா, வாத்துகளுக்காக எல்லோரையும் அடக்கும் அதே குரலில். "முழிச்சுக்கப் போகுது."