பக்ருன்னிசா கேட்ட வீடு

போத்தனூரில் கிளாடிஸ் வீட்டு மாடி காலியாகத்தான் கிடந்தது. ஜன்னலெல்லாம் சாத்தியிருப்பது தெருவிலிருந்தே தெரிந்தது. மானசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"குடுத்தாச்சுங்க" என்று போனில் இவளிடம் சொன்ன அதே வீடு.

மானசா கல்லூரியில் சமூகப்பணிப் பாடம் எடுப்பவள். அகதியாக வந்த பெண்களுக்கு, அதிலும் முஸ்லிம் பெண்களுக்கு, கோவையில் வாடகைக்கு வீடு கிடைக்கிறதா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். டூலெட் போர்டு தொங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு போன். முதலில் அவளுடைய மாணவி கரோலின் இலங்கைப் பேச்சுச் சாயலில் பேசுவாள். பேர் பக்ருன்னிசா, அகதியாக வந்தவள், ஒரு பெண் குழந்தை, தையல் வேலை என்பாள். கொஞ்ச நேரம் கழித்து மானசா பேசுவாள். தனக்குப் பேங்கில் வேலை, தானும் கணவரும் மட்டும்தான் என்பாள்.

முக்கால்வாசி வீடுகளில் பக்ருன்னிசாவுக்கு "குடுத்தாச்சு". மானசாவுக்கு "எப்பப் பாக்க வர்றீங்க?"

கிளாடிஸ் ஒருத்திதான் தலைகீழ். பக்ருன்னிசாவை வாங்க என்று கூப்பிட்டவள், பேங்க்கார அம்மாவுக்கு இல்லையென்று சொல்லிவிட்டாள்.

கரோலினுக்கு ஒரே சந்தோஷம். மானசா நம்பவில்லை. அட்வான்ஸ்கூடத் தராத ஒருத்திக்காக மாதச் சம்பளக்காரியை எந்த வீட்டுக்காரி திருப்பி அனுப்புவாள்? போக்கிடம் இல்லாதவள் என்றால் சொன்ன வாடகைக்குத் தலையாட்டுவாள். குழாய் ஒழுகினாலும் வாய் திறக்கமாட்டாள். அதுதான் விஷயம். அதையும் ஆராய்ச்சியில் எழுதிவிடுவது என்றுதான் நேரிலேயே கிளம்பி வந்திருந்தாள்.

கிளாடிஸ் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். இவள் வயசுதான் இருக்கும்.

"ஏனுங்க, பேங்க்ல வேலைன்னு பேசினது நான்தானுங்க. மாடி காலியாத்தானே கெடக்குது. எனக்கு ஏன் இல்லைன்னீங்க?"

"அது குடுத்தாச்சுங்க." கிளாடிஸ் அசையவில்லை.

"குடியிருக்கறவங்க எங்க?"

"வருவாங்க."

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஜெரால்டு சிரித்துவிட்டான். "வந்துட்டே இருக்காங்க மேடம். போன் போட்டா சுவிட்ச் ஆப். இவ ஜெபத்துல மட்டுந்தான் லைன் கெடைக்குது."

அப்புறம் அவன் தன் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தான். இந்த வாடகையை நம்பித்தான் சின்னவனைக் காலேஜில் சேர்த்தார்களாம். பல்லடத்துத் தறிக்காரர் ஒருவர் அட்வான்ஸைக் கையோடு கொண்டுவந்தும் இவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். போதாக்குறைக்கு மாடியில் இருந்த பழைய பீரோவை நகர்த்தப் போய் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம்.

"பீரோவை எதுக்கு நகத்தினீங்க?" மானசா கேட்டாள்.

"அவங்க மேக்க பாத்துத்தான் தொழுவாங்கன்னு சொன்னாங்க" என்றாள் கிளாடிஸ். "அந்தச் சுவத்தை பீரோ அடைச்சுட்டு நின்னுச்சு. ஒத்தைப் பொம்பளை வந்து அதை எப்படிங்க நகத்துவா?"

கிளாடிஸே தொடர்ந்தாள்.

"நீங்க கோவிச்சுக்காதீங்க. பேங்க் வேலைன்னா இந்தத் தெருவுலயே உங்களுக்கு வேற வீடு கெடைக்குமுங்க. அந்தப் பொண்ணு பேரைச் சொல்றதுக்கே தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. எத்தனை வீட்டுல இல்லைன்னு கேட்டுட்டு வந்துச்சோ."

தயங்கித் தயங்கிப் பேசு என்று கரோலினுக்குச் சொல்லிக்கொடுத்தவளே மானசாதான்.

அதற்கு மேல் மறைக்க மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பேசியது தன் மாணவி என்றாள். அந்த நம்பர் ஆராய்ச்சிக்கென்றே வாங்கியது, வேலை முடிந்ததும் அணைத்துவிட்டோம் என்றாள்.

ஜெரால்டு எழுந்து நின்றுவிட்டான்.

"நல்லா இருக்குதுங்க மேடம். பரீட்சை வெச்சீங்க, சரி. பாஸா பெயிலான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா என்ற இடுப்பாச்சும் தப்பிச்சிருக்கும்."

கிளாடிஸ் அவனைக் கையமர்த்தினாள். அவள் முகம் மட்டும் வாடிப்போயிருந்தது.

"அப்ப அப்படி ஒரு பொண்ணே இல்லீங்களா?"

"பேசினது அவங்க இல்லீங்க. ஆனா பக்ருன்னிசான்னு ஒருத்தங்க இருக்காங்க."

ஆராய்ச்சிக்காக மானசா பேட்டி கண்ட பெண்களில் ஒருத்தி அவள். குழந்தையும் தையல் மிஷினும் அவளுடையவைதான். என் பேரையே தாராளமாகச் சொல்லுங்கள் டீச்சர், எனக்கு என்ன பதில் வருகிறதென்று பார்க்கலாம் என்று அவளே கொடுத்த பேர்.

"இப்ப அவங்க எங்க இருக்காங்க?"

"சொந்தக்காரங்க வீட்டுல ஒரு ஓரமா இருக்காங்க. இன்னும் வீடு தேடிட்டுத்தான் இருக்காங்க. எங்கிட்டக்கூடக் கேட்டாங்க." மானசாவின் குரல் இறங்கிவிட்டது. "ஆராய்ச்சி செய்யறவங்க, பேட்டி குடுக்கறவங்க வாழ்க்கைக்குள்ள போய் எதையும் மாத்தக் கூடாதுன்னு ஒரு முறை இருக்குதுங்க. அதனால..."

கிளாடிஸ் உள்ளே போய் மாடிச் சாவியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அவங்க பேரைச் சொல்லி ஊரெல்லாம் வீடு கேட்டிருக்கீங்க. அவங்களுக்குன்னு ஒரு வீடு கேக்கலீங்களா?"